வாடல் மாப்பிள்ளை

கத்தரி நூற்றுப் பதினெட்டு, கொச்சி மிளகாய் பத்தொன்பது, தக்காளி முப்பத்திரண்டு. இவ்வளவையும் கொன்றவன் நான்தான் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். (கத்தரி உண்மையில் நூற்றிருபது. அதில் இரண்டு என் கை படுவதற்கு முன்பே நோயில் கிடந்தவை. நியாயமாக அவற்றைக் கழித்துத்தான் சொல்கிறேன்.)

செடி சாவதென்றால் மஞ்சளாகும், காயும், இலை உதிரும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். இவை அப்படிச் சாகவில்லை. பச்சை நிறம் கொஞ்சமும் மாறாமல், இலையில் ஒரு புள்ளிகூட இல்லாமல், கழுத்தை ஒடித்துவிட்டதுபோல் தலையைத் தொங்கவிட்டுச் செத்தன. இன்றைக்கு அந்த நோயின் பெயரும் காரணமும் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் நடுப்பகலில் ஒரு கத்தரிச் செடி வாடி நிற்பதைப் பார்த்தால் முதுகில் ஏதோ ஊர்கிறது.

அப்போது எனக்குத் திருமணமாகி மூன்று வாரம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோகவேண்டும். நானும் சாய்ந்தமருதிலிருந்து அக்கரைப்பற்றுக்கு ஒரு சூட்கேசோடும் ஒரு விவசாய டிப்ளோமாச் சான்றிதழோடும் வந்து சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் கிடைக்கவில்லை. வாப்பா மீன் வியாபாரி. எங்கள் வீட்டில் கறிவேப்பிலைகூடக் கடையில் வாங்கியதுதான். ஆனால் என் மாமி, அதாவது மனைவி நஸீஹாவின் உம்மா, ஒழுங்கைச் சந்து முழுக்க ஒரு செய்தியைப் பரப்பியிருந்தார்: "எங்கட மாப்புள மரஞ்செடிக்கெல்லாம் டொக்டர்."

நான் மறுக்கவில்லை. (மூன்று வாரமாக ஒரு வேலையும் செய்யாமல் ஆட்டிறைச்சியும் வட்டிலப்பமும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவன் எந்தப் பட்டத்தையும் மறுக்கக்கூடாது.)

வீட்டுக்குப் பின்னால் மாமாவின் கத்தரித் தோட்டம். வரிசைக்கு இருபது செடியாக ஆறு வரிசை. மாமா அதிகம் கதைக்காத மனிதர். கதைக்க வேண்டியதையெல்லாம் அந்தக் கத்தரிச் செடிகளோடு கதைத்து முடித்துவிடுவார் என்று நினைக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குக் கை கழுவும்போது சொன்னார்:

"மருமகன், ரெண்டு மரம் ஒரு மாதிரி நிக்கிது. ஒருக்காப் பாருங்களே."

போய்ப் பார்த்தேன். முதல் வரிசையின் தொடக்கத்தில் இரண்டு செடிகள் தலை கவிழ்ந்து நின்றன. மற்றவை பூவும் பிஞ்சுமாக நிமிர்ந்து நின்றன. கச்சான் காற்று சூடாக வீசிக்கொண்டிருந்தது. எல்லாச் செடியும் ஆடியது. அந்த இரண்டும் மட்டும் ஆடவில்லை. ஈரத் துணியைத் தொங்கவிட்டதுபோல் கிடந்தன.

"தண்ணி காணாதோ எண்டு பார்த்தன்," என்றார் மாமா. "மண் ஈரமாத்தான் கிடக்கு. பின்னேரம் வந்து பாருங்க, எழும்பி நிக்கும். நாளைக்குப் பகல் மறுகாப் படுக்கும்."

இந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. இரண்டையும் வேரோடு பிடுங்கி எரித்திருக்க வேண்டும். கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மாமா முதன்முதலாக என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறார். மாமி குசினி வாசலில் நிற்கிறார். நஸீஹா யன்னலில் நிற்கிறாள். நான் ஒரு குச்சியை எடுத்து மணலில் முக்கோணம் கீறினேன்.

"மாமா, நோய் வாறதுக்கு மூணு விசயம் வேணும். ஒண்டு பயிர். ரெண்டு, நோயாக்கிற கிருமி. மூணாவது, அதுக்கு ஏத்த காலநிலை. கிருமியில பங்கசு, பக்ரீரியா, வைரசு எண்டு வகை இரிக்கி. கிருமியே இல்லாமலும் நோய் வரும், உப்புத் தண்ணியால, பசளைக் குறைவால..."

"இது எது?" என்றார் மாமா.

"பங்கசு," என்றேன், ஒரு நொடியும் தயங்காமல்.

(வாடல் நோயைப் பிரித்தறியும் செய்முறை வகுப்பு நடந்த அன்று நான் கிரிக்கெட் விளையாடப் போயிருந்தேன். பரீட்சையில் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு மற்றதை எழுதினேன். பங்கசு என்று சொன்னதற்குக் காரணம், அந்தச் சொல் வாயில் முதலில் வந்ததுதான்.)

பிறகு சட்டைப் பையிலிருந்து என் புதுக் கத்தியை எடுத்தேன். மடக்குக் கத்தி, மரப்பிடி போட்டது. வாடிய இரண்டு செடியின் கிளைகளையும் முதலில் நறுக்கினேன். அதோடு நிறுத்தவில்லை. காற்றோட்டம் வேண்டும் என்று விளக்கம் சொல்லிக்கொண்டு, அதே கத்தியால் பக்கத்துச் செடியின் அடி இலைகளைக் கழித்தேன். அப்புறம் அதற்கடுத்தது. அப்படியே நான்கு வரிசை முடித்து ஐந்தாவதில் பாதி வந்தபோது நஸீஹா "தேத்தண்ணி ஆறுது" என்று கூப்பிட்டாள். அத்தோடு விட்டுவிட்டுப் போனேன்.

மாமியின் விளம்பரம் அன்றைக்கே வேலை செய்தது. பக்கத்து வளவு சித்தி ராத்தா (சித்தி அவர் பெயர், ராத்தா என்றால் எங்களுக்கு அக்கா), கணவரை இழந்தவர், கொச்சிக்காய் வளர்த்துச் சந்தைக்குக் கொடுப்பவர், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மனே, என்ட மரத்தையும் ஒருக்காக் கழிச்சி உடுங்களே," என்றார். கழித்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து மாமியின் பழைய சிநேகிதி தவமணி அக்காவின் வீட்டுக்கு, பக்கத்து ஆலையடிவேம்புக்கு, மாமியோடு போனேன். அங்கே தக்காளி. அங்கேயும் முக்கோணம் கீறினேன். அங்கேயும் கழித்தேன். தவமணி அக்கா சந்தோசத்தில் ஒரு பை நிறைய முருங்கைக்காய் தந்தார்.

எட்டாம் நாள் பகல் மாமா சாப்பிட வரவில்லை. தேடிப் போனேன்.

முதல் வரிசை முழுக்கப் படுத்திருந்தது. மாமா வரப்பில் குந்தியிருந்தார். நானும் பக்கத்தில் போய்க் குந்தினேன். அசர் பாங்கு சொல்லி வெயில் தணிந்ததும் நான் மறுபடி போனேன். அப்போது நான் பார்த்ததை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவை எழும்பிக்கொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அசையவில்லை. ஆனால் ஒரு செடியைப் பார்த்துவிட்டு அடுத்ததைப் பார்த்து, மீண்டும் முதல் செடிக்குக் கண்ணைத் திருப்பினால், அது முன்பு நின்றதைவிடக் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. நான் பார்க்காத நேரத்தில் மட்டும் அசைவதுபோல.

மாமி எனக்குப் பின்னால் வந்து நின்றார். "பகலைக்குப் படுக்குதுகள், பொழுதுபடக்குள்ள எழும்புதுகள்," என்றார் மெதுவாக. "இது மரத்துர குணமில்ல மனே."

அடுத்த நாள் இரண்டாம் வரிசையும் படுத்தது. முதல் வரிசை பின்னேரம் எழும்பவே இல்லை. அதற்கடுத்து மூன்றாம் வரிசை. அந்த ஒழுங்குதான் என்னைக் கலக்கியது. நோய் என்றால் இங்கொன்றும் அங்கொன்றுமாக வரவேண்டும். இது நான் அன்றைக்கு நடந்த வழியிலேயே, நான் நின்ற இடத்தில் நின்று, நான் திரும்பிய இடத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தது. யாரோ எனக்கு ஒரு வாரம் பின்னால், அவசரமில்லாமல், என் காலடியிலேயே கால் வைத்து நடந்து வருவதுபோல இருந்தது.

நான்காம் வரிசையும் முடிந்த பகல் நான் தனியாகத் தோட்டத்துக்குள் போனேன். அன்றைக்குப் பார்த்துக் கச்சான் நின்றுவிட்டது. எந்நேரமும் கத்துகிற காகங்களைக் காணவில்லை. கடல் இரைச்சல்கூட அன்றைக்கு அந்தப் பக்கம் எட்டவில்லை. வெயிலில் என் நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது. சுற்றிலும் எண்பது செடிகள், எல்லாம் பச்சையாக, எல்லாம் தலை குனிந்து. மரண வீட்டில் ஜனாஸாவின் முன்னால் நிற்கிறவர்கள்போல நின்றன. நான் ஐந்தாம் வரிசைக்கு வந்தேன். பத்தாவது செடி வாடியிருந்தது. பதினோராவது நிமிர்ந்து நின்றது. இரண்டுக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. அந்த இடத்தில்தான் நான் கத்தியை மடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

எங்கோ ஒரு பிஞ்சு விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு நான் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு தோட்டத்திலேயே கிடந்துவிட்டது. (அதை எடுக்க நான் போகவில்லை. மாமாதான் எடுத்து வந்து, ஒன்றும் கேட்காமல் வாசலில் வைத்தார்.)

வீட்டுக்குள் வந்தால் சித்தி ராத்தா மாமியோடு நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"மனே, என்ட கொச்சியும் படுத்திட்டு. நீங்க கை வெச்ச மரம் மட்டுந்தான். வேலியோரத்தில நீங்க தொடாதது நல்லாத்தான் நிக்கிது."

அவர் குற்றம் சாட்டவில்லை. அதுதான் கொடுமை. பயத்தோடு, மரியாதையாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே என்னிடமிருந்து இரண்டு அடி தள்ளி நின்றார். பொழுது சாய்ந்து, மஃரிபுத் தொழுகைக்குக் கொஞ்சம் முன் ஆலையடிவேம்பிலிருந்து அழைப்பு வந்தது. மாமி ஒலிபெருக்கியில் போட்டார். "தம்பி நிக்கிறாரோ?" என்றார் தவமணி அக்கா. "தக்காளி எல்லாம் தலையப் போட்டுட்டுதடி. நிறம் மாறல்ல. உசிர மட்டும் ஆரோ உறிஞ்சி எடுத்த மாதிரிக் கிடக்கு."

மாமி அழைப்பைத் துண்டித்துவிட்டு என் கைகளைப் பார்த்தார். முகத்தையல்ல, கைகளை. நானும் பார்த்தேன்.

அடுத்த மூன்று நாளும் நான் யாரையும் தொடவில்லை. சோப்புப் போட்டுப் போட்டு விரல் நுனியெல்லாம் சுருங்கிவிட்டது. நஸீஹா தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினால் "மேசையில வைங்க" என்பேன். பக்கத்தில் வந்து இருந்தால் தள்ளி இருப்பேன். டிப்ளோமா படித்தவன் இப்படி நினைக்கலாமா என்று கேட்கலாம். கேளுங்கள். உங்கள் கை பட்ட மூன்று தோட்டம் முழுக்க ஒன்றன்பின் ஒன்றாகச் சாகிறபோது நீங்களும் மனைவியின் கையைப் பிடித்துப் பாருங்கள், பிறகு கதைப்போம்.

மூன்றாம் நாள் அவள் அழுதுவிட்டாள். "என்னப் புடிக்கல்லயெண்டா நேர சொல்லுங்க. வாப்பாட்டச் சொல்லி..."

"ஐயோ, அதில்ல. என்ட கையில ஏதோ இரிக்கி, நஸீஹா. ஒங்களுக்கும் ஏதும் நடந்திரும் எண்டு பயமாயிரிக்கி."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழும்பிப் போய், கட்டிலுக்குக் கீழே கிடந்த என் சூட்கேசை இழுத்து, டிப்ளோமாக் கொப்பிகளை வெளியே எடுத்துப் போட்டாள். "நீங்க இதப் படிச்ச ஆள்தானே? படிச்சதப் பாப்பம்."

அவள் பள்ளியில் உயர்தரத்தில் படித்தது கலைப்பிரிவு. ஆனால் அரை மணித்தியாலத்தில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். வாடல் நோய் பங்கசாலும் வரும், பக்ரீரியாவாலும் வரும். பக்ரீரியா என்றால் செடி பச்சையாகவே வாடும். தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீரில் தொங்கவிட்டால் கிருமி வெள்ளையாக வடியும் என்று எழுதியிருந்தது. என் கையெழுத்தேதான். (செய்முறைக்குப் போகாவிட்டாலும் குறிப்பைப் பார்த்து எழுதியிருக்கிறேன். இதைத்தான் படிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.)

எனக்கு உயிர் வந்தது. பேயுமில்லை, கண்ணூறுமில்லை. பக்ரீரியா! உடனே எல்லாருக்கும் செய்து காட்டிப் பயத்தைத் தெளிவிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து மாமா வந்ததும், சித்தி ராத்தாவோடு ஒழுங்கைப் பெண்கள் ஐந்தாறு பேரும் தோட்டத்தில் கூடினார்கள். ஆறாம் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு பலகைப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் கண்ணாடிக் கிளாஸ் வைத்தேன். மாமி விருந்தாளிகளுக்கு மட்டும் எடுக்கிற கிளாஸ். கிணற்றுத் தண்ணீர் பளிங்குபோல் நின்றது.

செத்த செடியின் தண்டை வெட்டி, நுனி தண்ணீரில் படும்படி பிடித்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. யாரோ இருமினார்கள்.

அப்போது அது வந்தது.

வெட்டிய இடத்திலிருந்து வெள்ளையாக ஒரு நூல் இறங்கியது. சாம்பிராணிப் புகை தலைகீழாகப் போவதுபோல் மெல்ல, வளைந்து வளைந்து இறங்கியது. பிறகு இன்னொன்று. அடியில் போய்ச் சுருண்டு, விரிந்து, ஏதோ ஒரு உருவம் எடுக்கப் பார்ப்பதுபோல் நின்றது. எதற்காக இதைச் செய்கிறேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. நான் படித்ததில் 'வெள்ளையாக வடியும்' என்று இரண்டே சொல்தான் இருந்தது. அது இப்படி உயிரோடு இறங்கும் என்று யாரும் எழுதியிருக்கவில்லை.

"அஊது பில்லாஹ்," என்று இறைவனிடம் காவல் தேடினார் மாமி.

"ரூஹு போகுது," என்றார் சித்தி ராத்தா, மிகத் தாழ்ந்த குரலில்.

உயிர் போகிறது என்ற அந்தச் சொல் காதில் விழுந்ததும் நான் அலறிவிட்டேன். விளக்கம் சொல்ல வந்தவன்தான் முதலில் அலறினான் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். அலறியதோடு கிளாசையும் எடுத்து, என்னிடமிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் விசுக்கி எறிந்தேன். தண்ணீர் முழுவதும் ஆறாம் வரிசையில் கொட்டியது. அந்தத் தோட்டத்தில் நான் தொடாமல் விட்ட, முழுதாக உயிரோடு நின்ற ஒரே வரிசை அதுதான்.

பெண்கள் பாதிப் பேர் வேலியைத் தாண்டிவிட்டார்கள். அந்த அமளியில் நஸீஹாவின் குரல் மட்டும் நிதானமாகக் கேட்டது. அவள் கொப்பியில் அடுத்த பக்கத்தைத் திருப்பியிருந்தாள்.

"இஞ்சப் பாருங்க. 'நோய் பரவும் வழிகள். ஒன்று, மண். இரண்டு, நீர். மூன்று, நோயுற்ற செடியை வெட்டிய கத்தி. நான்கு, கவனமற்ற மனிதன்.'" நிமிர்ந்து பார்த்தாள். "நாலாவதுக்கு நீங்களே சிவப்புப் பேனையால ரெண்டு கோடு போட்டிரிக்கீங்க. அந்தக் கத்தி எங்க?"

கத்தி என் சட்டைப் பையில் இருந்தது. எல்லாரும் என் பையைப் பார்த்தார்கள்.

"ஒரு தரமாவது கழுவினீங்களா?"

"இல்ல," என்றேன். "காலையில மாமிக்கு மாங்கா வெட்டிக் குடுத்தன்."

மாமி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்.

மாமா மண்வெட்டியை எடுத்துவந்து முதல் வரிசையிலிருந்து தொடங்கினார். நானும் இறங்கினேன். நிமிர்ந்து நின்றவை, பூத்து நின்றவை எல்லாவற்றையும் பிடுங்கிக் குவித்தோம். தான் நாற்று வாங்கி நட்டு, தண்ணீர் ஊற்றி, காய் பார்த்த செடிகளை அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுவதைப் பார்க்காமல் நான் குனிந்து பிடுங்கிக்கொண்டே இருந்தேன். நெருப்பு வைத்த பிறகுதான் வாய் திறந்தார்.

"மருமகன், ஒண்டு கேக்கன். கோவிக்கப்படா."

"கேளுங்க மாமா."

"உங்களுக்கு அந்த டிப்ளோமாவத் தந்தவர் இப்பவும் படிப்பிக்கிறாரா?"

சொல்லிவிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாராக்கும் என்று பயந்துபோய் முன்னால் சென்று பார்த்தேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி அதுவரைக்கும் அவர் சிரித்து நான் கண்டதில்லை.

பிறகு சித்தி ராத்தாவின் வாசலில் போய் நின்று, ஜின்னுமில்லை ஒன்றுமில்லை, நான்தான், என் கத்திதான் காரணம் என்று முழுக்கச் சொன்னேன். ஏச்சு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தார்.

"நீங்களா மனே? அல்ஹம்துலில்லாஹ்! நான் மூணு நாளாக் கிணத்தடிக்குப் போகப் பயந்துகிடந்தன். நீங்க எண்டு முதலே சொல்லியிருக்கலாமே!"

ஒருவரும் என்னை அந்த அளவுக்கு நிம்மதியோடு மன்னித்ததில்லை. அவருடைய தோட்டத்தையும் நானே பிடுங்கி, எரித்து, கொத்திக் கொடுத்தேன். ஆலையடிவேம்புக்கும் போய் அதையே செய்தேன். தவமணி அக்கா இந்தமுறை முருங்கைக்காய் தரவில்லை. சோறு தந்தார், ஆனால் கை கழுவத் தண்ணீர் ஊற்றியவர் நான் போதும் என்று சொல்லியும் நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

கத்தரி, கொச்சி, தக்காளி எல்லாம் ஒரே குடும்பம். அந்தக் கிருமி மண்ணுக்குள்ளேயே படுத்துக் காத்திருக்கும். அதனால் மாமா அந்த நிலத்தில் சோளன் போட்டார். நன்றாக வந்தது. அது வளர்ந்து முடியும்வரைக்கும் நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்த்தேன். பின்னால் எனக்கும் வேலை கிடைத்தது. விவசாயப் போதனாசிரியர். சாகாமம் பக்கத்து விவசாயிகளுக்குப் பயிர் நோய்களைப் பற்றி வகுப்பெடுக்கிறேன். மணலில் கீறுகிற முக்கோணத்துக்கு இப்போது நான்காவதாக ஒரு மூலை சேர்த்திருக்கிறேன். அதில் யாரைப் போடுவது என்று அவர்கள் கேட்பார்கள். நான் என் பெயரைச் சொல்வதில்லை. சொல்லவும் தேவையில்லை. ஆலையடிவேம்பிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் நான் 'வாடல் மாப்புள' என்றுதான் அறியப்படுகிறேன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் பூச்சாடியை உள்ளே எடுக்கிற வீடுகள் இன்னும் இரண்டு இருக்கின்றன.

போன வருடம் மாமிக்குக் கடுமையான காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஆறு நாள் வைத்திருந்தார்கள். எல்லாரும் பயந்துதான் இருந்தோம். கண்ணே திறக்காமல் கிடந்தவர் நான்காம் நாள் திறந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நான்தான் நின்றேன். சந்தோசத்தில் கையைப் பிடிக்கப் போனேன். ஊசி ஏற்றியிருந்த கையை அவர் மெல்லப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, தாதியிடம் சொன்னார்:

"மகள், இவர் என்ட மருமகன். நல்ல மனிசன். ஆனா என்னத் தொட உடாதீங்க."

தாதி திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். வார்டே பார்த்தது. நஸீஹா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிவிட்டாள். மாமாதான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அதிகம் கதைக்காத அந்த மனிதர், பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கதையை ஆதியோடு அந்தமாகச் சொன்னார்.

மாமி சுகமாகி வீட்டுக்கு வந்தார், அல்ஹம்துலில்லாஹ். எப்படித் தப்பினீர்கள் என்று யார் கேட்டாலும் இன்றைக்கும் ஒரே பதில்தான்: "டொக்டர் நல்லவர். மருமகனும் தள்ளித்தான் நிண்டார்."